கணவன் மனைவிக்கு மட்டும் செல்லுபடியாகும்

1

முப்பது வருஷம் ஒன்றாக இருந்த பிறகு, நீங்கள் இரண்டு பேரும் கணவன் மனைவி இல்லை என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? எங்களுக்குச் சொன்னார்கள். கண்டிக்கு மேலே, ஹந்தானை மலையில், ஒரு ரிசோர்ட்டின் வரவேற்பறையில் உட்கார வைத்து, குளிர்ந்த அன்னாசி ஜூஸைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்கள். நான் ஜூஸை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் கோபப்பட்டேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரிய வேண்டுமே. என் பெயர் பிலோமினா. பிறந்தது ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், வாழ்க்கைப்பட்டது கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில், இப்போது இருப்பது இத்தாலியின் தெற்குக் கோடியில், பலர்மோ நகரத்தில். என் வீட்டுக்காரர் பெயர் மரியதாஸ். அங்கே ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் இரவுக் காவல் வேலை பார்த்தார். நான் பகலில் ஒரு வயதான சீமாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். நான் காலையில் இறங்கும்போது அவர் ஏறி வருவார். "குழம்பு அடுப்புல இருக்கு" என்பேன். "மழை வரும் போல, குடை எடு" என்பார். எங்கள் தாம்பத்தியத்தின் பெரும்பகுதி படிக்கட்டில்தான் நடந்தது.

போன வருஷம் அவர் வேலையிலிருந்து நின்றார். நின்ற மறுவாரமே போனில் கட்டுகஸ்தோட்டையின் வானிலையைப் பார்க்க ஆரம்பித்தார். பலர்மோவில் மண்டை பிளக்கிற வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மனுஷன் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு "அங்க இப்ப மழை" என்று பெருமூச்சு விடுவார். எனக்கு விளங்கிவிட்டது. ஊருக்கே போய்விடலாம் என்ற எண்ணம் உள்ளே ஓடுகிறது. ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அவர் வழக்கமே அதுதான். தனியாக யோசிப்பார், தனியாக முடிவெடுப்பார், கடைசியில் எனக்குத் தகவல் வரும். கல்யாணமாகி ஆறேழு மாதத்தில் இத்தாலிக்குப் போனதும் அப்படித்தான். பிறகு ஒருநாள் போன் பண்ணி "டிக்கட் போட்டிருக்கேன், வா" என்றார். நானும் போனேன். வீடு மாறியது, மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, எல்லாமே தகவல்தான். கெட்ட மனுஷன் இல்லை. என் மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்த முறையாவது என்னைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். போவதோ இருப்பதோ அப்புறம். என்னைக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் நான் அந்த ரிசோர்ட்டுக்குப் போகச் சம்மதித்தேன்.

2

ஊருக்கு வந்தால் நாங்கள் தங்குவது அவருடைய அக்கா வீட்டில். சிசிலி மதினி என்பேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட வீடு. மதினியும் அவர் புருஷன் செபமாலை அண்ணனும் மட்டும்தான் இருக்கிறார்கள், பிள்ளைகள் கொழும்பில். இரண்டு பேர் இருக்கிற வீடு என்று பெயர், ஆனால் நாங்கள் வந்துவிட்டால் கோவில் திருநாள்தான். காலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வெளிநாட்டுக்காரர்களைப் பார்க்க வருவார். பத்து மணிக்குத் தெரிந்த சிஸ்டர் வருவார். சாயந்தரம் யார் வந்தார்கள் என்று வந்தவர்களுக்கே தெரியாது. இரவு கதவைச் சாத்தினால் மதினி தட்டுவார், "தண்ணி வெச்சிருக்கா?" என்று. ஒரு மாதத்தில் நானும் அவரும் தனியாகப் பேசியது குளியலறை வாசலில் துவாய் கேட்டபோது மட்டும்தான்.

இந்த நிலையில் ஒருநாள் மதினிக்குச் செருப்பு வாங்கக் கண்டி டவுனுக்குப் போனோம். பெரிய கடைத்தொகுதியின் வாசலில் ஒரு சக்கரத்தை வைத்துக்கொண்டு, சுற்றினால் பரிசு என்று கூப்பிட்டார்கள். சுற்றினேன். ஹந்தானையில் இரண்டு இரவு, சாப்பாட்டோடு இலவசம். எனக்கு முன்னால் சுற்றினவருக்கும் இதே பரிசுதான் விழுந்தது. பின்னால் சுற்றினவருக்கும் இதேதான். ஒரு நிபந்தனை. கணவனும் மனைவியும் சேர்ந்து வர வேண்டும், அவர்கள் சொல்வதை ஒன்றரை மணித்தியாலம் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு தடவை பெரிய தொகையாகக் கட்டிவிட்டால், வருஷத்தில் ஒரு வாரம் அந்த அறை நமக்கே சொந்தமாம். மிச்ச ஐம்பத்தொரு வாரமும் அது வேறு ஆட்களுக்குச் சொந்தம். டைம்ஷேர் என்று பெயர்.

வாங்குகிற எண்ணம் எங்கள் இருவருக்கும் இல்லை. ஆனால் இரண்டு நாள், யாரும் கதவைத் தட்டாத இரண்டு நாள். அங்கே வைத்தாவது மனுஷன் வாயைத் திறப்பார் என்று நினைத்தேன். ஆறுமாதமாக அவர் தொண்டையில் நிற்கிற பேச்சு வெளியே வரட்டும், நானும் என் பேச்சைப் பேசுகிறேன்.

மதினியிடம் எப்படிச் சொல்வது? நம் ஆட்களுக்குத் தெரியும், சொந்தக்காரர் வீடு இருக்கும்போது ஹோட்டலில் போய்ப் படுப்பது என்றால் அது அவர்கள் முகத்தில் அடிக்கிற அடி. "எங்க வீட்டுக் கட்டில் குத்துதா?" என்று ஆரம்பித்தால் பத்து வருஷத்துக்குப் போதும். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இவர் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லிவிட்டார்.

"அக்கா, நாங்க ரெண்டு நாள் மடு மாதா கோவிலுக்குப் போயிட்டு வர்றோம். பிலோமி ஒரு நேர்த்தி வெச்சிருக்கா."

பொய் சொல்வதே தப்பு. மாதாவைச் சாட்சிக்கு இழுத்து, என் தலையில் வேறு கட்டிவிட்டார். மதினி அப்படியே கசிந்துபோனார். அன்று ராத்திரியே மெழுகுதிரி வாங்கி வந்தார். மடு மண் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லி ஒரு போத்தலைக் கழுவிக் காயவைத்தார். கிளம்பும்போது என்னை மட்டும் அடுப்படிக்குக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மாதாகிட்ட எனக்காக ஒரு வார்த்த சொல்லும்மா. என்னான்னு ஒன்கிட்ட சொல்ல மாட்டேன். சிசிலி கேட்டான்னு சொன்னா போதும், அவங்களுக்குத் தெரியும்."

மெழுகுதிரிக் கட்டையும் காலிப் போத்தலையும் பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஹந்தானை ஏறினேன். வழியெல்லாம் நான் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். இவர் வெளியே பார்த்துக்கொண்டு "என்னா குளிரு" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தார்.

3

ரிசோர்ட்டில் எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ரிஸ்வான். அக்குறணைக்காரர். முப்பது வயதிருக்கும், கழுத்தில் டை, முகத்தில் இழுத்துக் கட்டின மாதிரிச் சிரிப்பு. பாஸ்போர்ட் இரண்டையும் வாங்கிக் கம்பியூட்டரில் தட்டினார். சிரிப்பு கொஞ்சம் தளர்ந்தது.

"மேடம், சாருக்கு சூசை. ஒங்களுக்கு மரியதாஸ். ரெண்டும் வேற வேற குடும்பப் பேரா இரிக்கே. இது கணவன் மனைவிக்கு மட்டும்தான் செல்லுபடியாகும்."

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? அப்பா பெயரை முன்னால் போட்டுக்கொள்வோம். அவருடைய அப்பா சூசை, ஆகவே பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் சூசை என்று விழுந்துவிட்டது. நான் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா பெயரை எடுத்துவிட்டுப் புருஷன் பெயரைப் போட்டேன், ஆகவே நான் மரியதாஸ் பிலோமினா. மகள் ஷெரினுக்கு அவள் அப்பா பெயர், அவள் மரியதாஸ் ஷெரின். இதில் என்ன சிக்கல் இருக்கிறது? ஊரில் யாருக்கும் ஒரு சிக்கலும் இல்லை.

பலர்மோவில் ஒரு அலுவலகத்தில் இது பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி எங்கள் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். மரியதாஸ் என்கிற ஆளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் பிலோமினா, இளையவள் ஷெரின். "தங்கச்சியையும் கூட்டி வந்திருக்கிறாயா, நல்லது" என்றார். தங்கச்சி என் இடுப்பில் இருந்துகொண்டு என் காது வளையத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. "அப்பா எங்கே? அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்." நான் பக்கத்தில் நின்ற இவரைக் காட்டினேன். அந்த அம்மா இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்பா மிகவும் இளமையாக இருக்கிறார் என்று பாராட்டினார். எனக்கு அப்போது இத்தாலி மொழி அரைகுறை. பாராட்டு என்று மட்டும் விளங்கியது, அதனால் நன்றி சொல்லிவிட்டேன். அந்த நன்றியைத் திருத்துவதற்கு ஒரு வருஷம் போனது. கண்டியிலிருந்து விவாகச் சான்றிதழ், அதற்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை, முத்திரை உண்மைதான் என்பதற்கு இன்னொரு முத்திரை. அன்றிலிருந்து எனக்குக் கோபம் வந்தால் இவரை "அப்பா" என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அது பிடிக்காது.

அங்கே என்றால் வெள்ளைக்காரி, விளங்கவில்லை. சொந்த ஊரில், அதுவும் நான் பிறந்த மலையில் வைத்து, அக்குறணைக்காரர் ஒருவர் இதைக் கேட்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, ஒங்களுக்குமா விளங்கல?"

"எனக்கு வெளங்குது மேடம். நானும் இந்தப் பக்கத்து ஆள்தானே. கம்பியூட்டருக்கு வெளங்கோணுமே. கொழும்புல இருந்துதான் அனுமதி வரோணும். கூட்டாளிமார் சேர்ந்து ஜோடின்னு செல்லிக்கிட்டு வந்து, தங்கிட்டுப் போயிடறாங்க. அதுக்குத்தான் இந்தச் சட்டம்."

நான் கழுத்துத் தாலியை எடுத்து வெளியே போட்டேன். "இதக் கட்டினது இவருதான்."

"கட்டினவர்ட பேரு அதுல இல்லையே மேடம்" என்றார் பாவம், உண்மையான வருத்தத்தோடு.

சான்றிதழ் பலர்மோவில் அலுமாரிக்குள் இருக்கிறது. அத்தனை முத்திரையோடும் பத்திரமாக இருக்கிறது. கல்யாணப் போட்டோ போதுமா என்று கேட்டேன். போதும், படம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிவிடலாம் என்றார். இரண்டு பேர் போனிலும் தேடினோம். மீன் படம் இருக்கிறது, பேரன் இல்லாத குறைக்குப் பக்கத்து வீட்டு நாய் இருக்கிறது, எங்கள் கல்யாணம் இல்லை.

மிலானில் இருக்கும் ஷெரினுக்குப் போன் போட்டேன். வேலையில் இருந்தாள். என் மகள் தமிழில் தொடங்கி இத்தாலி மொழியில் முடிப்பாள், நடுவில் எங்கே மாறினாள் என்று தெரியாது.

"மம்மா, உங்க கல்யாணப் போட்டோ எனக்கிட்ட எதுக்கு இருக்கும்? நான் அப்ப பொறக்கவே இல்லையே." அது சரிதான். "மம்மா, நீங்க ரெண்டு பேரும் ஹாலிடேயா? பிராவி. என்ஜாய் பண்ணுங்க. ஆ, மம்மா, கிறிஸ்மசுக்கு நான் பலர்மோ வரல்ல. மார்கோ வீட்டுக்குப் போறேன். அவங்க அம்மா கூப்பிட்டாங்க. ஓகே?"

மார்கோ அவள் பழகுகிற பையன். ஓகே என்றேன். வேறென்ன சொல்வது? ஊருக்குத் திரும்பக் கூடாது என்பதற்கு நான் மனதில் வைத்திருந்த பெரிய காரணமே அவள்தான். பிள்ளையை விட்டுவிட்டு எப்படி வருவது என்று சொல்லத் தயாராகித்தான் மலையேறினேன். அந்தப் பிள்ளைக்குக் கிறிஸ்மசுக்குப் போக வேறு வீடு கிடைத்துவிட்டது. போனை வைத்தேன்.

திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். வெளியே பூச்சட்டி ஓரம் நின்று, குரலைத் தாழ்த்திப் போன் பேசிக்கொண்டிருந்தார். உதட்டசைவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "அக்கா" என்றுதான் சொன்னார்.

4

ஒரு மணித்தியாலத்துக்குள் ஆட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியது அடுக்குச் சாப்பாட்டுக் கேரியர். பிறகு மதினி. பிறகு செபமாலை அண்ணன், தலையணை உறைக்குள் போட்ட எங்கள் கல்யாண ஆல்பத்தைக் குழந்தையைத் தூக்குவது மாதிரித் தூக்கிக்கொண்டு.

மதினி என்னைப் பார்க்கவில்லை. உயரமான கூரையைப் பார்த்தார், நீச்சல் தடாகத்தைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தைப் பார்த்தார்.

"மடு கோவில நல்லாத்தான் கட்டியிருக்காங்க" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். இவர் ஜூஸ் குடிக்கிறீர்களா என்று கேட்டார். அந்த நேரத்தில் ரிஸ்வான்தான் காப்பாற்றினார், வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவர அனுமதியில்லை என்று சொல்லி. மதினியின் கோபம் முழுதும் அவர் பக்கம் திரும்பியது. ஐந்து நிமிஷத்தில் ரிஸ்வான் ஒரு தட்டில் இடியப்பமும் கோழிக் குழம்பும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டம் அதோடு முடிந்தது.

ஆல்பத்தைத் திறந்தோம். எனக்கே அதைப் பார்த்து வெகுகாலம். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிய ரிஸ்வான் சந்தேகத்தோடு நிமிர்ந்தார்.

"எல்லாப் படத்துலயும் மாப்பிளைக்குப் பக்கத்துல ரெண்டு பொம்புளைங்க இரிக்காங்களே. இதுல பொண்ணு யாரு?"

உண்மைதான். கோவில் படியில், கேக் வெட்டுகையில், காரில் ஏறுகையில், எல்லாப் படத்திலும் எங்கள் இருவருக்கும் நடுவே மதினி நிற்கிறார். "முக்காடு கழண்டு விழுந்துறாம நான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் மதினி, என் தலையில் இருந்த வெள்ளை வலையைக் காட்டி. முப்பது வருஷமாகவா பிடித்துக்கொண்டு இருப்பது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, கோழிக் குழம்பு நன்றாக இருந்தது.

ஒரு வழியாக நானும் அவரும் மட்டும் மாலையோடு நிற்கிற படம் ஒன்று கிடைத்தது. அதிலும் ஓரத்தில் மதினியின் கை இருக்கிறது. கொழும்பு அனுமதித்துவிட்டது. நாங்கள் கணவன் மனைவியானோம். உடனே ரிஸ்வான் கழுத்து டையைச் சரிசெய்துகொண்டு, முதலில் அந்த ஒன்றரை மணித்தியாலத்தை முடித்துவிடலாம் என்று எங்களை ஒரு கண்ணாடி அறைக்கு அழைத்துப் போனார். மதினியும் அண்ணனும் கூடவே வந்து கதிரைகளில் உட்கார்ந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவுமில்லை.

சுவரில் கடல், மலை, யானை எல்லாம் வந்து போயின. பிறகு ரிஸ்வான் படத்தை நிறுத்திவிட்டு, பழகின குரலில் கேட்டார்.

"சார், இப்ப மனசுல வர்றத அப்படியே செல்லுங்க. அடுத்த இருவது வருஷம் நீங்க எங்க இரிக்க ஆசைப்படறீங்க?"

எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். இத்தாலி என்றோ மாலைதீவு என்றோ சொன்னால் அங்கேயும் எங்கள் அறை இருக்கிறது என்று சொல்வதற்கான கேள்வி. இவர் தொண்டையைச் செருமினார். என்னைப் பார்க்கவில்லை. ரிஸ்வானின் டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இங்கதான். கட்டுகஸ்தோட்டையில, எங்க அக்கா வீட்டு மேல் ரூம்ல. பலர்மோவுல வீட்டுச் சொந்தக்காரன்கிட்டயும், காலி பண்ணப் போறோம்னு பேச்சுவாக்குல சொல்லி வெச்சிட்டேன்."

என் மிச்ச வாழ்க்கை எங்கே கழியப் போகிறது என்பதை, ஒரு விற்பனைக்காரரும் நானும் ஒரே நேரத்தில் முதன்முறையாகக் கேட்டோம். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. முந்திக்கொண்டு வந்தது ஆத்திரம்தான்.

"மேடம், நீங்க?" என்றார் ரிஸ்வான்.

"என்னை ஏன் தம்பி கேக்குறீங்க? அப்பா ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லிட்டாரே."

ரிஸ்வானுக்கு மறுபடியும் சந்தேகம் வந்திருக்க வேண்டும், ஆல்பத்தை ஒருதரம் பார்த்தார். இவர் முகம் சிவந்துவிட்டது. அப்போதுதான் மதினி மெல்லக் கேட்டார்.

"மேல் ரூம்லயா, தம்பி?"

"ஓ. நாங்க வழக்கமா இருக்குற ரூம்தானே. சும்மாதானே கெடக்கு."

"சும்மா எங்கடா கெடக்கு? ரெண்டு கேம்பஸ் புள்ளைங்க இருக்குதுங்க. நாலு வருஷமா போர்டிங் வெச்சிருக்கேன். நீ வர்றப்பல்லாம் அதுங்க கைய கால பிடிச்சு, எங்கயாச்சும் கூட்டாளி ரூம்ல போய் இருங்கம்மான்னு அனுப்பி வெக்கிறேன். அதுங்க சாமானெல்லாம் கட்டிலுக்கு அடியில கெடக்கு."

"நீ சொல்லவே இல்லையே அக்கா."

"ஒரு மாசம்தானேன்னு சொல்லல. ஒரு மாசம்னா ஆசையா ஆக்கிப் போடலாம். வெளிநாட்டுக்காரன் வாறான், தம்பி வாறான்னு நாங்களும் கொஞ்சம் பெருமையா இருக்கலாம். எந்நேரமும்னா என்னால முடியாதுடா. எனக்கும் வயசாகுது. நானும் அண்ணனும் ஒன்பது மணிக்கு லைட்ட அணைச்சுட்டுப் படுத்துருவோம். நீ வந்தா பதினொரு மணி வரைக்கும் நம்ம அப்பாவப் பத்திப் பேசிக்கிட்டு இருக்க." கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்த்து, "இதத்தான் மாதாகிட்ட சொல்லச் சொன்னேன். இவனுக்கு அந்த நெனப்பு வந்துறக் கூடாதுன்னு. நீ நெசமா மடுவுக்குப் போயிருந்தா ஒன் வாயாலயே கேக்க வெச்சிருப்பேன்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. மதினியும் சிரித்தார். ரிஸ்வான் மட்டும் தன் வேலையை மறக்காமல், "பாத்தீங்களா சார், இதுக்குத்தான் நாங்க வருஷத்துல ஒரு வாரம்..." என்று ஆரம்பித்தார்.

"நீ பேசாம இரு தம்பி" என்றார் மதினி. அவர் பேசாமல் இருந்தார்.

இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

5

எங்களுக்குத் தந்த அறை பால்கனியோடு கூடியது. அங்கேதான் இவர் நின்றுகொண்டிருந்தார். கீழே தேயிலை, அதற்குக் கீழே லயங்களின் தகரக் கூரைகள். அதில் ஒரு வரிசையில்தான் நான் பிறந்தேன். எனக்கு அதைப் பார்த்து ஒரு ஏக்கமும் வருவதில்லை. அத்தனை வீட்டுக்கும் ஒரு பைப், அதில் காலையில் சண்டை, அதுதான் நினைவு. ஏக்கம் எல்லாம் டவுனில் பிறந்த இவருக்குத்தான்.

கோபமாகப் பேசத்தான் போனேன். முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் யாரோ ஒருவருடைய வாசலில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்துகொண்டு, அந்த மேல் ரூமைத்தான் மனுஷன் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதில் இரண்டு பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்துப் பார்த்துத்தானே முப்பது வருஷம் போனது, அதனால் ஆறுதல் சொல்லாமல் திரும்பினேன்.

உள்ளே வந்தால் மதினி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கையால் மெத்தையை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சும்மா பாத்தேன்" என்று எழுந்தார். அண்ணன் ஜன்னலோரக் கதிரையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டிருந்தார்.

"ஒரு நாளும் ஓட்டல்ல தங்குனதில்லையா மதினி?"

"யாரு கூட்டிக்கிட்டுப் போறது? இவரா?"

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. வெளியே போய் ரிஸ்வானைக் கூப்பிட்டேன். எங்களுக்குப் பதில் இவர்கள் இரண்டு இரவும் தங்கலாமா என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். இன்னொரு ஜோடி அவர் பேச்சைக் கேட்டதாகக் கணக்குக் காட்டலாம், அதில் அவருக்கும் நன்மைதான் என்று முகத்தில் தெரிந்தது.

"பேரு ஒத்துப் போகோணுமே" என்றேன் வேண்டுமென்றே.

உள்ளே மதினி அண்ணனைத் தட்டி எழுப்பி, வந்த இடத்தில் இப்படியா குறட்டை விடுவது என்று திட்டிக்கொண்டிருந்தார். அண்ணன், இல்லை, கண்ணைத்தான் மூடினேன் என்று சாதித்துக்கொண்டிருந்தார்.

"இவங்களுக்கு ஆல்பம் தேவையில்ல மேடம்" என்றார் ரிஸ்வான். "நான்தான் பாத்துக்கிட்டு இரிக்கேனே."

மதினி வேண்டாம் வேண்டாம் என்றுகொண்டே வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். எங்கள் உல்லாசப் பயணம் அன்று பின்னேரம் நான்கு மணிக்கு முடிந்தது.

6

டவுனுக்கு இறங்கி, கட்டுகஸ்தோட்டை பஸ் பிடித்தோம். சீட் கிடைக்கவில்லை. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டைத் திறந்து உள்ளே போனால் ஒரு சத்தம் இல்லை. அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

அவர் நேரே மேல் ரூமுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். புத்தகக் கட்டுகள், இரண்டு ஜோடிச் சப்பாத்து, சின்ன ரைஸ் குக்கர் ஒன்று, துணி காயப்போடுகிற கிளிப் பெட்டி. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, நகர்ந்திருந்த ஒரு புத்தகக் கட்டைத் திருப்பி அதே இடத்தில் தள்ளி வைத்தார்.

"அதுங்க இப்ப எங்க தங்கியிருக்குதுங்களோ" என்றார்.

அடுப்படிக்கு வந்து, தானே தேத்தண்ணி போடுவதாகச் சொன்னார். நான் கதிரையில் உட்கார்ந்துகொண்டேன். கேத்தல் கிடைத்தது, தேயிலை கிடைத்தது, சீனி கிடைக்கவில்லை. ஒவ்வொரு டின்னாகத் திறந்து மோந்து பார்த்தார். எனக்குச் சீனி இருக்கிற இடம் தெரியும். சொல்லவில்லை. கடைசியில் வெறும் தேத்தண்ணியை இரண்டு கோப்பையில் ஊற்றி, எதிரே வந்து உட்கார்ந்தார். இல்லாத சீனியைக் கரண்டியால் கலக்கினார்.

"அக்காவக் கேக்காம நானா முடிவு பண்ணிட்டேன்" என்றார்.

"அக்காவ மட்டுமா?"

கரண்டி நின்றது. வெளியே பாலத்துப் பக்கம் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. மனுஷன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணை இவ்வளவு கிட்டத்தில், பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாமல் நான் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று தெரியவில்லை.

"நீ என்னா சொல்ற பிலோமி?" என்றார். "இங்க ஒரு வீடு பாத்துக்கிட்டு வருவமா, இல்ல அங்கயே இருந்துருவமா? நீ சொல்லு. நீ சொல்றதுதான்."

கேட்டுவிட்டார்.

என்னிடம் பதில் இருந்தது. ஒன்றல்ல, பல இருந்தன. பலர்மோப் படிக்கட்டில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தவை. கோபமாக ஒன்று, நியாயமாக ஒன்று, மகளை முன்வைத்து ஒன்று. ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. மகளுக்கு மிலான் இருக்கிறது, மதினிக்குத் தன் புருஷனும் ஒன்பது மணித் தூக்கமும் இருக்கின்றன. எங்களை வா என்று கூப்பிடவும் ஆளில்லை, போகாதே என்று பிடிக்கவும் ஆளில்லை. எனக்கு எது வேண்டும் என்று எனக்கே தெரியாது. முப்பது வருஷமாக யாரும் கேட்காததால் நானும் என்னைக் கேட்டதில்லை. கொஞ்சம் அழுதேன். அவர் பயந்துவிட்டார்.

"என்னா, நான் ஏதும் தப்பாக் கேட்டுட்டேனா?"

"இல்ல. இப்பத்தானே கேக்குறீங்க. நான் யோசிக்கணும்."

"எவ்ளோ நேரம் வேணும்?"

"ஏன், ரிஸ்வான் மாதிரி இன்னைக்கே கையெழுத்துப் போடணுமா?"

சிரித்தார். சீனி இல்லாத தேத்தண்ணியை இருவரும் முழுக்கக் குடித்தோம். அந்த இரண்டு நாளும் எங்கள் கதவை யாரும் தட்டவில்லை.

பலர்மோவுக்குத் திரும்பி வந்து மாதங்களாகிவிட்டன. கிறிஸ்மசுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். வீட்டுச் சொந்தக்காரரிடம் பேச்சுவாக்கில் சொன்னதை இவர் பேச்சுவாக்கில் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து நடந்து வரும்போது, நல்ல நேரம் பார்த்து, "என்னா பிலோமி, யோசிச்சியா?" என்று கேட்கிறார். "யோசிக்கிறேன்" என்கிறேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வதில்லை, அடுத்த ஞாயிறு மறுபடியும் கேட்கிறார்.

உண்மையைச் சொன்னால், பதில் எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. சொல்லிவிட்டால் கேட்பதை நிறுத்திவிடுவார். இன்னும் கொஞ்ச நாள் கேட்கட்டும்.